ஹீட்டர் கோரை மாற்றும் முன் இரண்டு ஹோஸ்களைத் தொட்டுப் பார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி, இங்கேயும் குறையொன்றுமில்லை. பழைய காரை விற்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். நல்ல இன்ஜின் இருக்கும்போது ஏன் விற்க வேண்டும்? ஆனால் ஹீட்டரில் சூடு போதவில்லை என்றதும் டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரை (சூடான கூலன்ட் ஓடி, கேபினுக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னாராமே, அதற்கு மட்டும் உடனே தலையாட்டிவிடாதே. தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற வேலையாகிவிடும். பல கார்களில் அது ஒரு முழு நாள் வேலை. கழற்றும்போது பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும், மாட்டிய பிறகு டாஷ்போர்டு ஆயுசுக்கும் கடகடக்கும். கோர் அடைத்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஊகித்துச் சொல்கிற விஷயம் இல்லை, கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கூலன்ட், அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை எடுத்துச் செல்லும் தண்ணீர்க் கலவை. ராத்திரி முழுக்க நின்று இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து பார். பக்கத்து டேங்கில் கோடு வரைக்கும் இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதே. மூடியில் இருக்கும் சின்ன வால்வு கெட்டாலோ, டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயில் கீறல் விழுந்தாலோ, ஆறும்போது ரேடியேட்டர் டேங்கிலிருந்து உறிஞ்சாது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். ரேடியேட்டரில் மூடியே இல்லாத கார் என்றால் பிரஷர் மூடி போட்ட டேங்கின் அளவுதான் கணக்கு. சூட்டோடு எந்த மூடியையும் திறக்காதே. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும்.

பெரும்பாலான கார்களில் ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருக்கும். அதனால் கூலன்ட் குறைந்தால் காற்று முதலில் போய் உட்காருவது அங்கேதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் குடகுடவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடாகவும் ஐடிலில் குளிராகவும் வருகிறதா என்று கவனி. இரண்டும் இருந்தால் கூலன்ட் குறைவு, அல்லது வாட்டர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. இதற்கு நேர் எதிர் குணம் கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டுக்கு (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் வால்வு அது): நிற்கும்போது ஓரளவு சூடு, ஹைவேயில் போனால் குளிர். கெட்டது எது என்பதை இந்த ஒரு வித்தியாசமே பாதி சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது, ஹீட்டரில் மட்டும் குளிர்காற்று என்றால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. ஹீட்டருக்கு வர இன்ஜினில் தண்ணீரே இல்லை என்று அர்த்தம்.

கூலன்ட் சரியாக இருந்தால் ஹோஸ் பரிசோதனை. பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டி இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டு வா. ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வை, ப்ளோயர் நடு வேகத்தில் ஓடட்டும், இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்கட்டும். கேபினுக்கு முன்னால் உள்ள ஃபயர்வால் தகட்டில் கட்டைவிரல் பருமனுக்கு இரண்டு ரப்பர் ஹோஸ்கள் நுழையும். ஒன்று கோருக்குள் போவது, மற்றது திரும்பி வருவது. இரண்டையும் தொட்டுப் பார். பெல்ட்டின் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள். எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதைக் கறுப்பு ரப்பரின் மேல் பிடி. பளபளக்கும் உலோகக் குழாயில் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டி உன்னைக் குழப்பும். போகும் ஹோஸ் எண்பது டிகிரி வாக்கில் இருந்து, திரும்பும் ஹோஸ் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைந்திருந்தால் ஓட்டம் சரி. முப்பது, நாற்பது குறைந்தால் தண்ணீர் ஊர்ந்துதான் போகிறது. அப்படியே நடு வென்டில் ஒரு சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகிப் பார். ஒழுங்கான ஹீட்டர் 50 டிகிரிக்கு மேல் தரும்.

இரண்டு ஹோஸும் நல்ல சூடு, காற்று மட்டும் குளிர் என்றால் தண்ணீர்ப் பக்கம் போகவே வேண்டாம். சூட்டையும் குளிரையும் கலக்கும் ஃப்ளாப்தான் காரணம். ப்ளோயரை மெதுவாக வைத்துவிட்டுத் திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பு. ஃப்ளாப் போய் முட்டும் மெல்லிய சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கேபிள் வைத்த கார்களில் நெம்புகோல் முனையில் கிளிப் நழுவியிருக்கும். ஐந்து நிமிட வேலை. மோட்டார் வைத்த கார்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து டிக் டிக் என்று அடிக்கும். பாட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால், மோட்டார் தன் இரண்டு கோடிகளையும் மறந்திருக்கலாம். அந்தக் காருக்கு உரிய முறைப்படி மறுபடி பழக்கிவிட்டால் போதும். வென்டிலிருந்து கறுப்பு ஃபோம் துணுக்கு பறக்கிறதா? ஃப்ளாப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்தது பொடிந்துவிட்டது, குளிர்காற்று இடுக்கு வழியாக நுழைகிறது. காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் அதன் ரெசிஸ்டர் போய்விட்டது.

இரண்டு ஹோஸுமே வெதுவெதுப்பு என்றால் என் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான். பழைய காரில் அது திறந்தபடியே சிக்கிக்கொள்வது சர்வ சாதாரணம். அப்போது தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே ரேடியேட்டர் வழியாகச் சுற்றி ஆறிக்கொண்டே இருக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வை. சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது. முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் சிக்கியிருக்கிறது. தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் கார்களில் கீழ் ஹோஸைப் பார். மீட்டர் முள்ளை முழுக்க நம்பாதே. பல கார்களில் சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. ஸ்கேனரை மாட்டும் ஓபிடி போர்ட் இருந்தால் ஸ்கேனரில் நிஜமான டிகிரியைப் படி. பி0128 என்ற கோளாறுக் குறியீடு வந்திருந்தால் இன்ஜின் உரிய சூட்டை எட்டவில்லை என்றுதான் பொருள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் குட்டு வெளிப்படும். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் முழுக்க மூட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே வாய் பிளந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். புதியதை மாட்டும்போது ஸ்பிரிங் இன்ஜின் பக்கம், காற்று போகும் சின்னத் துளை உச்சியில். கேஸ்கெட்டும் புதிது. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோல் அதிகம் குடித்து, ஆயிலையும் கெடுக்கும்.

இன்ஜின் நிஜமாகவே 90 டிகிரியில் இருந்தும் இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாக இருந்தால், சூடு அங்கே போய்ச் சேரவில்லை. வழியில் ஹீட்டர் வால்வு இருக்கிறதா பார்; அதன் ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் ஆறியிருக்கும். கேபிளோ வேக்குவம் குழாயோ கழன்றிருக்கும்.

கடைசியாக, ஒரு ஹோஸ் கொதிக்க, மற்றது குளிர்ந்திருக்கும் நிலை. வால்வும் திறந்திருக்கிறது, காற்றும் இல்லை என்றால்தான் கோர் அடைப்பு. இரண்டு ரகக் கூலன்ட்டைக் கலப்பதும், லீக்கை அடைக்க ஊற்றும் பொடியும் மருந்துமே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஓட்டையை அடைப்பவை கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். அப்போதும் உடனே மாற்றாதே, கழுவிப் பார். ஹோஸ்களைக் கோரின் முனையில் திருகி இழுக்காமல் இன்ஜின் பக்கத்து முனையில் கழற்று. கோரின் கழுத்து மெல்லிசு, முறுக்கினால் விண்டுவிடும். ஒட்டிப்போன ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடுவதே புத்திசாலித்தனம், புது ஹோஸ் விலை பெரிதில்லை. திரும்பும் ஹோஸ் வழியாகத் தண்ணீரை விட்டுத் தலைகீழாகக் கழுவு. குழாயை முழுக்கத் திறக்காதே. இந்தக் கோர் தாங்குவது ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம், குழாய்த் தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். காவி நிறச் சேறு வரும். தெளிந்ததும் திசையை மாற்று, மறுபடியும் மாற்று. தெளியவில்லை என்றால் வெந்நீரில் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசு. சாக்கடை அடைப்பு நீக்கும் காரப்பொடி அலுமினியத்தைத் தின்றுவிடும், அதைத் தொடாதே.

கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், இனிப்பு வாடை, காலடிக் கார்பெட்டில் ஈரம் இருந்தால் கோர் ஏற்கெனவே ஒழுகுகிறது. அதற்குக் கழுவுதல் உதவாது, மாற்றத்தான் வேண்டும். கீழே வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதே. இனிப்பாக இருக்கும் என்று நாய் பூனை நக்கினால் செத்துவிடும்.

திரும்ப நிரப்பும்போது கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. காரின் மூக்கு மேடாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை திறந்து வைத்து மூடு. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓட்டி, மறுநாள் ஆறிய பிறகு மறுபடி நிரப்பு. அதற்குப் பிறகும் காற்று திரும்பத் திரும்பச் சேர்ந்தால், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாகப் புகை கூலன்ட்டுக்குள் போகிறது. அந்தப் புகையைக் கண்டுபிடிக்கும் பிளாக் டெஸ்டரின் நீலத் திரவம் மஞ்சளானால் உறுதி. அது வேறு செலவு, அதைப் பிறகு பேசுவோம்.

இப்போதைக்கு இரண்டு ஹோஸ்களின் சூடு, வென்டில் வரும் சூடு, ஹைவேயில் முள் இறங்குகிறதா இல்லையா, இவற்றை மட்டும் குறித்து அனுப்பு. அதுவரை டாஷ்போர்டில் ஸ்க்ரூடிரைவர் வைக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி