நுகர்வோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், சமூகமளித்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூட்டப்பட்டது; இரு தடவை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) இல்லாமல் கலைந்தது. தராசு நிறுவை விழிப்புணர்வும் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை பற்றிய கலந்துரையாடலும் வழமைபோல் நடந்தன.

ஆண்டின் பெரும்பகுதி இறக்குமதி மாட்டிறைச்சி விடயத்திலேயே சென்றது. செயலாளர் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்ற குறை என் காதுக்கும் வந்தது. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது, உண்பவர்களுக்கு வெளிநாட்டு இறைச்சியை இறக்கித் தருவதாகவும் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து நம்மிடையே இரண்டு பேச்சு. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் மாடு வளர்ப்பவர்கள் அது நோயைக் கொண்டுவரும் என்கிறார்கள். கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பலர் வெளிநாட்டுப் பெட்டி என்றாலே சுத்தம் என்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை.

மாட்டின் காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் கால்-வாய் நோய் இறைச்சி மூலம் மனிதருக்குத் தொற்றாது, ஆபத்து மாட்டுக்குத்தான். அறுத்த உடலை 2 பாகை செல்சியஸுக்கு மேல் 24 மணி நேரம் தொங்கவிட்டால் தசையில் புளிப்பு ஏறி, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6க்குக் கீழே இறங்கும். அங்கே கிருமி செத்துவிடும். எலும்பு மச்சைக்கும் நிணநீர்க் கழலைகளுக்கும் அந்தப் புளிப்பு எட்டாது. அதனால்தான் நோயுள்ள நாடுகளிலிருந்து வரும் இறைச்சி எலும்பும் கழலையும் நீக்கியதாக இருக்க வேண்டும் என்கிறோம். பைத்திய மாட்டு நோய் வேறு வகை. அது மூளை, முள்ளந்தண்டு வடம் போன்றவற்றில் இருக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. 2008இல் தென்கொரிய மக்கள் அமெரிக்க இறைச்சிக்கு எதிராக மெழுகுதிரி ஏந்தி வீதிக்கு வந்த பிறகு, 30 மாதத்துக்கு உட்பட்ட மாட்டின் இறைச்சி மட்டும் அனுப்புவதென்று முடிவானது. அச்சம் ஒரு வயதெல்லையாக எழுத்தில் ஏறியது. நாமும் வெறுமனே பயப்படாமல், எழுத்தில் வைக்கக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும்.

நாம் கேட்பது லேபலை. உலகச் சந்தையில் அவுஸ்திரேலியப் பெட்டி பெரும்பாலும் 27.2 கிலோ, அதாவது 60 இறாத்தல்; இந்திய எருமை இறைச்சிப் பெட்டி 20 கிலோ. நாடு, அறுத்த ஆலையின் அனுமதி இலக்கம், பொதியிட்ட திகதி, மைனஸ் 18 பாகையில் வைக்கும்படியான குறிப்பு எல்லாம் பெட்டியின் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். கடையில் பெட்டியைக் கிழித்ததும் அந்த மட்டையும் குப்பைக்குப் போகிறது. வாங்குபவர் கையில் பெயரில்லாத ஒரு பை. பிறகு முறைப்பாடு செய்தாலும் பொது சுகாதாரப் பரிசோதகரால் எந்தப் பெட்டி என்று தேட முடியாது. எனவே, அந்தப் பெட்டியின் இறைச்சி விற்று முடியும்வரை லேபலை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை.

அடுத்தது உறைந்த இறைச்சிக் கட்டியை இளக்குவது. இரவு முழுக்கத் தரையில் போட்டுவிட்டால், உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளிப்பக்கம் நம் வெக்கையில் சூடேறிக் கிருமி பெருகும். விற்காததை மறுபடி பிரீசரில் வைப்பது அதைவிடக் கேடு. பையின் அடியில் சிவப்பு நீர் உறைந்து கிடந்தாலும், பெரிய ஐஸ் பளிங்குகள் தெரிந்தாலும் வாங்க வேண்டாம். சரியான முறை 5 பாகைக்குக் கீழ், குளிர்பெட்டியின் அடித்தட்டில், பெரிய கட்டிக்கு இரண்டு மூன்று நாள். மாரியில் மின்சாரம் போனால், நிரம்பிய பிரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம்வரை தாங்கும். பாதி நிரம்பியது 24 மணி. கறியாகக் கொதித்தால் சாதாரணக் கிருமி சாகும். ஆனால் இறைச்சி வெட்டிய அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டினால் பயனில்லை. அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகையைத் தொட வேண்டும்.

இதற்கெனக் குத்தி அளக்கும் வெப்பமானி ஒன்று வாங்கினோம். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் விட்டு, பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பாவிக்க வேண்டும். கடைகளுக்குப் போக நாள் குறித்தபோது வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஒரு அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. கடிதத்தின் கீழ் எத்தனை பேர் கையொப்பம் என்பதைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, செலவு வரவைச் சற்றுத் தாண்டியது. வெப்பமானியின் மீதிப் பணம் இன்னும் கொடுக்க இருக்கிறது. அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவை. சிலருடையது மூன்று ஆண்டாக. கூட்ட மண்டபம் தந்தவர்களுக்கும், வாசலில் திருப்பி அனுப்பாமல் உள்ளே விட்ட கடைக்காரர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் லேபல் கோரிக்கையை ஒவ்வொரு பிரதேச சபைக்கும் நேரில் கொடுக்க எண்ணம். அதற்கு ஆளும் வேண்டும், அச்சடிக்கப் பணமும் வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.