பூஜ்ய வரியும் பிறப்பிடக் கணக்கும்

அன்புள்ள செல்வத்துக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நாடுகளுக்கிடையே தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானதுமே ‘இனி வரி கிடையாது’ என்று செய்தி வருகிறது, ஆனாலும் இறக்குமதியாளர்கள் பலர் முழு வரியைக் கட்டிவிட்டுப் போகிறார்களே, ஏன் என்று கேட்டிருந்தாய். வரி அட்டவணையை எவ்வளவு புரட்டினாலும் விடை கிடைக்காது. ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் ‘பிறப்பிட விதிகள்’ என்ற அத்தியாயத்தை ஒப்பந்தத்தில் பார்.

ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சுங்க ஒன்றியத்தில் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் வெளியாருக்கான வரி ஒன்றே. தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் அப்படியில்லை, அவரவர் வரி அவரவருக்கு. விதி எதுவும் இல்லாவிட்டால் மூன்றாம் நாட்டுச் சரக்கெல்லாம் வரி குறைந்த நாட்டில் இறங்கி, பக்கத்து நாட்டுக்குள் இலவசமாக நுழைந்துவிடும். அதனால்தான் ‘இது எங்கள் நாட்டுப் பொருள்தான்’ என்று ஏற்றுமதியாளர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி நிரூபிக்க ஒரு வழி மதிப்புக் கணக்கு. கப்பலில் ஏற்றும்வரை பொருளின் விலை 100 டாலர், அதில் வெளிநாட்டுப் பாகங்கள் 58 என்றால், உள்நாட்டு மதிப்பு 42 சதவீதம். ஒப்பந்தம் கேட்கும் குறைந்தபட்ச உள்நாட்டு மதிப்பு, அதாவது வரம்பு, 40 என்றால் தேறிவிடும். வாங்குபவர் கெஞ்சினார் என்று 4 டாலர் தள்ளுபடி கொடுத்துப் பார்: 96-இல் 58 போக மிச்சம் 38, அதாவது 39.6 சதவீதம். சலுகை போச்சு! பாகங்களை யூரோவில் வாங்கி, யூரோ 5 சதவீதம் ஏறினாலும் இதே கதிதான். 58 என்பது 60.9 ஆகிவிடும். தொழிற்சாலையில் ஒரு திருகுகூட மாறவில்லை, பொருளின் ‘நாடு’ மட்டும் மாறிவிட்டது. விளிம்பில் நிற்கும் கணக்கை நம்பி விலை பேசக்கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு வழி, வெளிநாட்டுப் பாகங்களின் சுங்கக் குறியீடும் (சரக்கு வகைக்குச் சுங்கத்துறை தரும் எண்) முடிந்த பொருளின் குறியீடும் வேறாக இருக்கவேண்டும் என்பது. இங்கே நியாயம் தேடாதே. மின்மோட்டாரின் குறியீடு 8501, அதன் பாகங்கள் 8503. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினாலே நான்கிலக்கத் தலைப்பு மாறிவிடும். பம்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; பம்பும் அதன் பாகங்களும் 8413-க்குள்ளேயே இருக்கின்றன. ஆறிலக்க அளவில் மாறினால் போதும் என்று ஒப்பந்தம் சொன்னால்தான் வேலை நடக்கும்.

பேரம் பேசும் அறையில் உண்மையான சண்டை இந்தப் பக்கங்களில்தான் என்பது என் எண்ணம். வட அமெரிக்க ஒப்பந்தத்தில் காருக்கு 62.5 சதவீதமாக இருந்த வரம்பு, 2020-இல் வந்த புதிய ஒப்பந்தத்தில் 75 ஆனது, அதுவும் படிப்படியாக. அன்று அமெரிக்கா சாதாரணமாக விதித்த வரி காருக்கு 2.5 சதவீதம், பிக்கப் டிரக்குக்கு 25. கார்க்காரர் ‘இந்தத் தொல்லையே வேண்டாம்’ என்று 2.5-ஐக் கட்டிவிடலாம். டிரக்குக்காரருக்கு அந்த வழி இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்: சாதாரண வரிக்கும் சலுகை வரிக்கும் இடைவெளி சிறிதென்றால், சான்றிதழ் வாங்கும் செலவுக்கே அது காணாது.

மீதிப் பாதி காகிதம். சான்றிதழில் பழைய பதிப்புக் குறியீடு, இறக்குமதி மனுவில் புதியது. உலகச் சுங்க அமைப்பு குறியீட்டுப் பட்டியலை ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவதால் வரும் வினை. வழியில் வேறொரு துறைமுகத்தில் கப்பல் மாறினால், சரக்கு சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்தது என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) இருந்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். பிரெக்சிட்டுக்குப் பிறகு, அதாவது பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் கிடங்குக்கு வந்து அப்படியே அயர்லாந்துக்குப் போன சரக்குக்கும் சலுகை மறுக்கப்பட்டது. பிரிட்டனில் அதற்கு எந்த வேலையும் நடக்கவில்லை, எனவே அது பிரிட்டன் பொருள் அல்ல.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15 ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் (RCEP) வணிக ஒப்பந்தத்தை வரிக்குறைப்புக்காகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பிறப்பிடத்தைக் கூட்டிக் கணக்கிடும் வசதி. ஜப்பானில் பிறந்த பாகத்தை வியட்நாமில் பூட்டிச் சீனாவுக்கு அனுப்பினால், அந்தப் பாகம் இப்போது உள்நாட்டுக் கணக்கில் சேரும். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகச் செய்துகொண்ட பழைய ஒப்பந்தங்களில் அது வெளிநாட்டுச் சரக்கு.

நீ குறிப்பிட்ட பொருளின் ஆறிலக்கக் குறியீட்டை அடுத்த கடிதத்தில் எழுது. கணினி, சில்லு வகை என்றால் 1996-இன் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்த நாடுகள் பலவற்றில் ஏற்கெனவே எல்லாருக்கும் வரி இல்லாமல் இருக்கும். சான்றிதழுக்கு அலைய வேண்டியதே இல்லை.

அன்புடன்,
ரகு