ஐப்பசியில் மடுவுக்கு நடப்போம்

முருங்கன்

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. தொப்பியும் கைத்தடியுமாய் நீ நிற்கிற அந்தப் படத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். "அண்ணைக்கு நல்லாய் வயசு போட்டுது" என்றா மனிசி. எனக்கு எவ்வளவு போனதென்று சொல்லாமல் விட்டது அவவின் பெருந்தன்மை.

இங்கே எல்லாரும் சுகம். சிறுபோகம் அரைவாசிக் காணியில்தான் செய்தோம், குளத்தில் தண்ணி காணாது. தேக்கத்தில் மறித்துத் திருப்பிவிடுகிற அருவியாற்றுத் தண்ணியை நம்பித்தான் கட்டுக்கரைக் குளம் இருக்கிறது. குளத்தை நம்பி நாங்கள். வெட்டு முடிந்து நெல்லும் கொடுத்தாயிற்று. விலையைப் பற்றிக் கேளாதே. மூத்தவள் வவுனியாவில் படிப்பிக்கிறாள். சின்னவன் வயலும் பார்த்துக்கொண்டு ஓட்டோவும் ஓடுகிறான். இரண்டில் எதைக் கேட்டாலும் மற்றதில்தான் வேலை அதிகம் என்பான்.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். ஒஸ்லோவிலிருந்து துரொண்யெம் வரைக்கும் 643 கிலோமீற்றர் போகிற ஒலாவ் புனிதரின் பாதையில் கடைசித் துண்டைப் பேரனோடு நடந்ததாக எழுதியிருக்கிறாய். வழிநெடுக அடையாளக் கம்பங்கள், மஞ்சள் பிடித்த காடு, முடிவில் நிடாரொஸ் பேராலயம். வாசிக்க எனக்கே கால் உன்னியது. "எங்கட பக்கத்தில் இப்படி ஒரு நடை இல்லையா, கிட்டத் தூரமாய், ஒரு நாளில் முடிகிற மாதிரி?" என்று கேட்கிறாய். மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவன் இதை என்னைப் போல ஒரு சைவக்காரனிடம் கேட்கிறாய் பார்! மடு றோட் சந்தியிலிருந்து மடு மாதா கோயில் வாசல் வரைக்கும் 12 கிலோமீற்றர் அளவுதான் வரும். அடையாளக் கம்பம் தேவையில்லை. இரண்டு பக்கமும் காடு, நடுவில் தார் றோட்டு. பிள்ளைக்கும் வழி தப்பாது.

நீ இலையுதிர் காலம் என்கிறாய். இங்கே பாலையும் வீரையும் உன் வசதிக்காக இலை உதிர்க்கப் போவதில்லை. ஆனால் எங்களுக்கும் அப்படி ஒரு இடைக்காலம் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் அடங்கி, வடகிழக்கு வாடை எழும்ப முன், ஐப்பசித் தொடக்கத்தில் காற்று என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். காலையில் வெளிச்சம் நல்ல மென்மை. முதல் மழை ஒன்றிரண்டு விழுந்திருந்தால் றோட்டோரப் புல் பச்சை பிடித்திருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்கும், சில நாள் ஊற்றும். கார்த்திகை வந்துவிட்டால் மழையை நம்பி ஒன்றும் செய்ய ஏலாது. நாங்கள் நடக்கிறதென்றால் அந்தக் கொஞ்ச நாளுக்குள்தான்.

ஆடி 2, ஆவணி 15 திருவிழாக்களை விட்டுவிட்டு ஏன் வெறும் நாளில் என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆவணித் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும். தமிழிலும் சிங்களத்திலும் பூசை நடக்கும். அது பார்க்க வேண்டிய காட்சி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாதையில் நடப்பவனுக்குப் பாதை தெரியாது. பஸ், வான், ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பந்தல், புழுதி. வெயிலும் அந்த நாட்களில் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். ஐப்பசி உங்களுக்குச் செபமாலை மாதம் அல்லவா? தங்கச்சிக்கு அந்தச் சமாதானம் போதும் என்று நினைக்கிறேன். எனக்கு வேறு காரணம் இருக்கிறது.

யோசித்துப் பார் மச்சான், நானும் நீயும் மடுவுக்கு நடந்து போனதில்லை. போனோம், இருந்தோம், அங்கே மாதக்கணக்காய்ச் சமைத்துச் சாப்பிட்டோம். ஆனால் போனது உழவு இயந்திரப் பெட்டியில். உன் அம்மாவின் தையல் மெசின் விழாமல் நான் பிடித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? நீ ஆட்டுக்குட்டியைப் பிடித்திருந்தாய். பிறகு ஐ.நா. அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர் தந்த தறப்பாளுக்குக் கீழே, கோயில் காணியில், தண்ணிக்கு வரிசை, அரிசிக்கு வரிசை, கக்கூசுக்கும் வரிசை. பெரிய ஆக்கள் அதையும் "மாதாவிட்ட வந்திருக்கிறம்" என்றுதான் சொன்னார்கள். எனக்கு அந்த வயதில் அது விளங்கவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் வந்ததாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு மடு என்றால் எனக்கு ஓடிப்போகிற இடம். 1999 கார்த்திகையில் கோயிலுக்குள்ளேயே எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்த சனம் செத்தபோது, ஓடிப்போக அந்த இடமும் இல்லை என்றாயிற்று. எல்லாம் முடிந்து பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அவசரமில்லாமல், பின்னால் ஒருத்தரும் துரத்தாமல், காலால் நடந்து அந்த வாசலுக்கு ஒரு முறை போக வேண்டும் என்று நெடுநாளாய் ஆசை. துணைக்கு ஆள் இல்லாமல் இருந்தது. அதற்கு நீதான் சரியான ஆள்.

நினைத்தால் அந்த மாதாவும் அப்படி வந்தவதான். மாந்தையில் இருந்த சுரூபத்தை ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல் இருபது குடும்பம் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் மருதமடுவுக்கு வந்தது என்பது உங்கள் ஆக்கள் சொல்லி நான் கேட்ட கதை. பிறகு 2008 சித்திரையில் சண்டை கிட்ட வர, சுவாமிமார் அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். 1924இல் முடிசூட்டப்பட்ட மாதா, எங்களைப் போல இடம்பெயர்ந்து, எங்களைப் போலத் திரும்பி வந்தா. மாந்தை என்றால் எனக்குத் திருக்கேதீச்சரச் சிவன் கோயில். அதைப் போர்த்துக்கேயப் பறங்கி இடித்தான், உங்களை ஒல்லாந்தன் கலைத்தான். ஆக மாந்தையில் இரண்டு பகுதிக்கும் அடி விழுந்திருக்கிறது. இது தெரிந்தும் 2019 சிவராத்திரி நேரம் கேதீச்சரத்துக்குப் போகிற றோட்டில் வைத்த அலங்கார வளைவுக்காக உங்கள் ஆக்களும் எங்கள் ஆக்களும் ஆளையாள் தள்ளிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாய் நடப்பது அதற்கு மருந்தென்று சொல்ல மாட்டேன், அப்படிப் பெரிய கதை எனக்குச் சரிவராது. ஆனால் திரும்பும்போது என்னோடு கேதீச்சரத்துக்கும் வருகிறாய். பாலாவித் தீர்த்தத்தில் கால் கழுவலாம்.

உன் திட்டத்தில் மூன்று விசயத்துக்கு நான் உடன்பட மாட்டேன். இரவு நடை முதலாவது. நிலவில் நடந்தால் குளிர்மை, அந்தக் காலத்தில் மாட்டு வண்டில்கள் இரவில்தானே போயின என்கிறாய். போயின, உண்மை. மாட்டுக்கு வெயில் ஆகாது. ஒரு வண்டில் இல்லை, வரிசையாய்ப் போகும். அரிக்கன் லாம்பு, பாட்டு, செபம், சத்தம். நாங்கள் இரண்டு கிழடுகள். மடு றோட்டுக் காடு இப்போது தேசிய பூங்கா. இரவில் யானை றோட்டில்தான் நிற்கும். நிலவு அதற்கும் வெளிச்சம்தான். தனியன் ஒன்று எதிரே வந்தால் உனக்கும் எனக்கும் ஓடுகிற முழங்கால் இருக்கிறதா? விடிந்து வெளிச்சம் நன்றாய் விழுந்த பிறகு, ஆறரைக்குச் சந்தியிலிருந்து வெளிக்கிடுவோம். தேத்தண்ணியை அங்கேயே குடித்துவிட்டு. ஆறுதலாய் நடந்தாலும் பதினொரு மணிக்குள் கோயிலில் நிற்கலாம்; மழை இடிக்கத் தொடங்க முன் ஒரு நித்திரையும் கொள்ளலாம்.

பிறகு வெறுங்கால். அம்மாவின் நேர்த்தி என்கிறாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது மணிக்கே தார் சுடும், நீயோ நோர்வே சப்பாத்துக்குள் வளர்ந்த கால். அதைவிட, முதல் மழைக்குப் பாம்பு வெளிக்கிடும். புடையன் காய்ந்த இலைக்குள் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாம்புக் கடிக்கு மடு மண் இருக்கிறதே என்று நீ சொல்லுவாய் என்பதும் தெரியும். எங்கள் வீட்டுச் சாமியறையிலும் ஒரு பொட்டலம் இருக்கிறது, சைவ வீடு என்று பார்க்காமல் ஆச்சி வைத்தது. மண்ணைப் பூசு, நம்பிக்கைக்கு. கடித்தால் போவது ஆசுபத்திரிக்கு. ஆகவே காலில் எதையாவது போட்டுக்கொண்டு நட. கோயில் வளாகம் தொடங்குகிற இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள். அம்மா ஒத்துக்கொள்ளுவா, என்னை விட அவவுக்கு நியாயம் தெரியும்.

மற்றது, உன் மகன் சொன்ன அந்த வான். பின்னாலே மெதுவாய் வானில் பெட்டிகளோடு வந்தால் களைத்த இடத்தில் ஏறலாம் என்றானாம். பிள்ளையின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏறலாம் என்று ஒன்று பின்னால் வந்தால், நாலாவது கிலோமீற்றரில் நீ ஏறிவிடுவாய்; உன்னைத் தனிய விட மனமில்லாமல் நானும் ஏறுவேன். அத்தோடு மடுவுக்குச் சாமான் சட்டியோடு போனது ஒருமுறை போதும். இந்த முறை ஒரு துவாய், ஒரு போத்தல் தண்ணி, உனக்குச் செபமாலை, எனக்கு வெத்திலைப் பை. குடை ஒன்று இருவருக்கும். சின்னவன் பன்னிரண்டு மணிபோல ஓட்டோவில் கட்டுச்சோறு கொண்டு நேரே கோயிலுக்கு வருவான். வழியில் ஏதும் ஒன்றென்றால் போன் எடுக்கலாம், சிக்னல் சில இடத்தில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

வருகிற வழி லேசு. கொழும்புக் கோட்டையிலிருந்து தலைமன்னார் ரயிலை எடு. 1990க்குப் பிறகு தண்டவாளமே இல்லாமல் கிடந்த பாதை 2013இல் மடு றோட் வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் திரும்ப வந்தது. நீ அதில் இன்னும் ஏறவில்லை. மதவாச்சியில் திரும்பிச் செட்டிகுளம் தாண்டினதும் யன்னலோரம் இரு. ஆனால் மடு றோட்டில் இறங்காதே, முருங்கனில் இறங்கு. இரண்டு நாள் வீட்டில் இருந்து களை ஆறிவிட்டுப் போவோம். நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது, கொழும்பில் கேட்டுக்கொள்.

திகதிதான் இன்னும் முடிவாகவில்லை. மாரி நெல் விதைப்புக்கான காலபோகக் கூட்டம் இன்னும் வைக்கவில்லை. குளத்து மட்டத்தைப் பார்த்துத்தான் தண்ணி திறக்கிற நாளும் விதைப்பு நாளும் சொல்லுவார்கள். விதைப்புக்கு முதல் கிழமை எனக்கு உழவு, வரம்பு கட்டு, அசைய ஏலாது. விதைத்த பிறகு ஒரு கிழமை மூச்சு விடலாம். அந்தக் கிழமைதான் எங்களுக்கு. கூட்டம் முடிந்த அன்றே எழுதுகிறேன், அதுவரைக்கும் டிக்கெட் போடாதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு. அவவும் நடக்கிற யோசனை என்றால் முன்னரே எழுது. இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினதிலிருந்து என் மனிசியும் வெளிக்கிட நிற்கிறா. நாலு பேர் என்றால் கோயிலில் இரண்டு அறை சொல்லி வைக்க வேண்டும், கட்டுச்சோறும் கூடக் கட்ட வேண்டும்.

உன் பழைய கூட்டாளி