விதைப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது

அன்புள்ள பெற்றோருக்கும், வீட்டிலுள்ள தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பையில் இந்த வாரம் இரண்டு காகிதப் பொட்டலங்கள் இருக்கும். ஒன்றில் அரைக்கீரை விதை இரண்டு சிட்டிகை, இன்னொன்றில் வெண்டை விதை பத்து. ஆடி பிறந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்குள் இந்த விதைகள் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு நீங்கள் எதில் கை கொடுக்க வேண்டும், எதில் விலகி நிற்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதற்கு மதிப்பெண் கிடையாது. செடி வராத பிள்ளையை வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதனால் தயவுசெய்து நர்சரியில் நாற்று வாங்கி நட்டுக் கொடுத்துவிடாதீர்கள். விதை முளைக்காமல் போனால் பிள்ளையே மண்ணைக் கிளறிப் பார்க்கட்டும். தண்ணீர் தேங்கி அழுகியிருக்கலாம், எறும்பு தூக்கிப் போயிருக்கலாம், ஆழமாகப் புதைந்து மேலே வர முடியாமல் போயிருக்கலாம். எது என்று தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை அன்று அறிவியலை உண்மையாகவே படிக்கிறது. மறுபடி போட விதை வேண்டுமென்றால் பள்ளியில் இருக்கிறது, கேட்டால் தருவோம்.

பல பேர் தக்காளியும் மிளகாயும் கேட்டீர்கள். அவற்றை முதலில் நாற்றாங்காலில் வளர்த்து, தக்காளி என்றால் 25 நாள், மிளகாய் என்றால் 35 முதல் 40 நாள் கழித்துப் பிடுங்கி நட வேண்டும். முதல் முறை செய்யும் பிள்ளைக்கு அவ்வளவு காத்திருப்பது கஷ்டம். அரைக்கீரை மூன்று நான்கு நாளில் முளை காட்டிவிடும், ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். வெண்டை விதை பெரியது, சின்னக் கைக்குப் பிடிக்க எளிது, போட்ட இடத்திலேயே வளரும். இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

தொட்டி வாங்கச் செலவு செய்ய வேண்டாம். பழைய அரிசிச் சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் வாளி, தண்ணீர் கேனைப் பாதியாக வெட்டியது, எதுவும் ஆகும். அடியில் நான்கைந்து ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். வெட்டுவதும் ஓட்டை போடுவதும் உங்கள் வேலை, பிள்ளை கையில் கத்தியைக் கொடுக்காதீர்கள். கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும். வெண்டைக்கு ஒரு முழமாவது வேண்டும், ஒரு வாளிக்கு ஒன்று அல்லது இரண்டு செடிக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழுவுரம் என்று கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணத்தைப் போட்டால் சூட்டில் வேர் கருகிவிடும். சாக்கடை ஓரத்திலோ, வண்டி ஓடும் சாலை ஓரத்திலோ மண் எடுக்க வேண்டாம், பிள்ளைகள் சாப்பிடப்போகும் கீரை அதில்தான் வளரப்போகிறது. கடையில் விற்கும் தென்னை நார்க் கழிவைச் சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும்.

இனி விதைப்பது. இதைப் பிள்ளையே செய்ய வேண்டும். கீரை விதையை அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும், ஒரு கை காய்ந்த மணலோடு கலந்து தூவினால் பரவலாக விழும். மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும். விதையின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் என்பது பொதுவான கணக்கு, கீரை விதைக்கு அது ஒன்றுமே இல்லாத ஆழம்தான். வெண்டை விதையை முந்தின இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரல் கணு அளவு குழி போட்டு ஊன்ற வேண்டும். கீரை விதைக்கு எறும்புதான் முதல் எதிரி. தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ரவையோ அரிசி மாவோ தூவி வைத்தால் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பிக்கும். இது பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த வழி. எறும்புப் பொடி போடவே போடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. ஆசை மிகுதியால் பிள்ளைகள் சொம்பு சொம்பாக ஊற்றுவார்கள். விதை ஒரு பக்கம் அடித்துக்கொண்டு போகும், முளைத்த நாற்றும் தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். முளைக்கும்வரை கையால் தெளித்தால் போதும். பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக் கொடுத்தால் அருமையான பூவாளி. அப்புறம், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றட்டும். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, சோப்புத் தண்ணீர் வேண்டாம். வெண்டைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், கீரைக்கு அதைவிடக் குறைந்தாலும் சமாளிக்கும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் ஆடிக் காற்றை நினைவில் வையுங்கள். மண்ணை ஒரே நாளில் உலர்த்திவிடும், இளம் தண்டையும் ஒடித்துவிடும். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் தாங்கும்.

மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் பெற்றோர் இங்கே நிறைய இருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றும் வேலையும் உங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது. பிள்ளை மறந்துவிட்டால் ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள், அவ்வளவு போதும். செடி வாடித் தலை தொங்குவதையும், தண்ணீர் ஊற்றிய பிறகு அது நிமிர்வதையும் பிள்ளை கண்ணால் பார்க்கட்டும்.

பத்து நாள் கழித்துக் கீரையைக் கலைத்துவிட வேண்டும். நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கி, இரண்டு விரல் இடைவெளி விடுவது. பிள்ளைகளுக்கு இது மனசே வராது. பிடுங்கியது வீணாகாது, அன்றைக்குப் பருப்பில் போடலாம் என்று சொன்னால் சமாதானம் ஆவார்கள். மீதிச் செடிகளை 25, 30 நாளில் அடியில் மூன்று விரல் உயரம் விட்டு அறுங்கள். அரைக்கீரை மறுபடி துளிர்க்கும், பல முறை அறுக்கலாம்.

வெண்டை 40 நாள் வாக்கில் பூக்கும். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, காலையில் விரிந்து அன்று மாலைக்குள் வாடிவிடும். அந்தக் காலை வேளையில் முடிந்தால் நீங்களும் பிள்ளையோடு நின்று பாருங்கள். பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். இலைக்கு அடியில் அசுவினி என்னும் சின்னஞ்சிறு சாறுறிஞ்சும் பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். யூரியாவும் பூச்சி மருந்தும் இந்தத் தொட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டாவது, நாங்கள் கொடுப்பது மருந்து கலக்காத விதை. கடையில் நீங்களாக வாங்கும் பாக்கெட்டில் விதை ரோஸ், நீலம், பச்சை என்று சாயம் பூசியதுபோல் இருந்தால் அது பூஞ்சாண மருந்து கலந்தது. அதைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொட வேண்டாம். மிஞ்சியதைக் கோழிக்கும் போடக் கூடாது.

மூலிகையும் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: காய்ந்த துளசிக் கதிரை உள்ளங்கையில் கசக்கி மண்மேல் தூவினால் போதும், புதைக்க வேண்டாம். அடுக்களை வெந்தயமே முளைக்கும், 25 நாளில் கீரையாகப் பறிக்கலாம். கொத்தமல்லியை மட்டும் முழுசாகப் போடாமல், சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது என்பதை அங்கேயே பிள்ளைக்குக் காட்டிவிடலாம். முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகும், வெயில் தணிந்த ஐப்பசி கார்த்திகையில் நன்றாக வரும். புதினாவும் கற்பூரவல்லியும் தண்டை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும்.

பாட்டிமாரிடமும் தாத்தாமாரிடமும் தனியாக ஒரு கோரிக்கை. சுரைக்குடுவையிலும் சாம்பலிலும் விதையைச் சேர்த்து வைத்த பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது. ஆடியில் அவரை போட்டால் தையில் காய்க்கும் என்று நீங்கள் சொல்வதற்குப் பின்னால் ஒரு தாவரவியல் உண்மை இருக்கிறது. நாட்டு அவரை, பகல் பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல உங்களில் யாராவது ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் மிகவும் மகிழ்வேன்.

பிள்ளை ஒரு சின்ன நோட்டில் நான்கு விஷயம் மட்டும் எழுதட்டும்: விதைத்த தேதி, முதல் முளை தெரிந்த தேதி, பத்து வெண்டையில் எத்தனை முளைத்தது, முதல் பூ பூத்த தேதி. கணக்கு ஆசிரியர் வகுப்பில் எல்லோருடைய எண்ணிக்கையையும் சேர்த்து முளைப்பு விழுக்காடு கணக்கிடச் சொல்லித்தருவார். முளைக்காதவர்களின் எண்ணிக்கையும் அதில் வேண்டும், அது இல்லாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

கடைசியாக, வெண்டையில் நன்றாக வளர்ந்த ஒரு செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். அவை செடியிலேயே முற்றிக் காய்ந்து வெடிக்கும் பதத்துக்கு வந்ததும் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, பிள்ளை தன் பெயர் எழுதிய காகிதத்தில் மடித்துக் கொண்டுவரட்டும். நாங்கள் கொடுத்தது நாட்டு விதை என்பதால் தாய்ச் செடியைப் போலவே வரும். வீரிய ஒட்டு விதையாக இருந்தால் அப்படி நம்ப முடியாது. சேரும் விதைகளை ஊறுகாய் ஜாடியில் சாம்பலோடு போட்டு வைப்போம். அடுத்த ஆடியில் நான்காம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அதிலிருந்துதான் பொட்டலம் கட்டுவதாக உத்தேசம். தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்துக்குள் கொடுத்தால் போதும்.

சந்தேகம் இருந்தால் பிள்ளையின் நோட்டிலேயே எழுதி அனுப்புங்கள், அல்லது மாலை பள்ளி விட்டதும் நேரில் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்