காய்ச்சல் விட்ட மறுநாள் களத்தில் இறக்காதீர்கள்

சேலம் மாவட்டத்தில் மின்னொளி கபடிப் போட்டிகளை நடத்தும் விழாக் குழுவினருக்கும், அணி நடத்துவோருக்கும், பயிற்சியாளர்களுக்கும் ஓர் இயன்முறை மருத்துவர் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை மாதப் போட்டிகள் ஓயும் வரை, தொடையைப் பிடித்துக்கொண்டு என் சிகிச்சை அறைக்குள் நுழையும் ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் நான் முதலில் கேட்பது, கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்ததா என்பதே. பலர் சற்று யோசித்துவிட்டு, “ஆமாங்க, பத்து நாளைக்கு முந்தி வந்துச்சு, சரியாப் போச்சு” என்கிறார்கள். அந்தச் ‘சரியாப் போச்சு’ எவ்வளவு பொய்யானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வைரஸ் காய்ச்சலின்போது, கிருமியை எதிர்த்து உடல் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் தசைப் புரதம் சிதைவதை விரைவுபடுத்துகின்றன. வாய்க்கு உணவு பிடிக்காததால் இழந்ததை ஈடுகட்ட வழியில்லாமல் போகிறது. படுக்கையில் கிடக்கும் நாட்கள் மிச்சமிருக்கும் வலுவையும் குறைக்கின்றன. டெங்கு, இன்ஃப்ளூயன்சா போன்ற காய்ச்சல்களில் தசை இழைகளே நேரடியாகப் பாதிக்கப்படுவதுண்டு. இழைக்குள் இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் கசிந்து உயர்ந்திருப்பது பரிசோதனையில் தெரியும். வெப்பமானி 98.4 காட்டும் நாளில் இவை எல்லாம் ஒன்றாகச் சீராகிவிடுவதில்லை. கபடியோ தசையிடம் மிகக் கடுமையான வேலையைக் கேட்கும் ஆட்டம். எதிரணிப் பக்கம் பாடிச் சென்றவரின் கணுக்காலை, ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் பிடித்திருக்க, பாடிச் சென்றவர் நடுக்கோட்டை நோக்கி உடலை எறியும் அந்த நொடியில், சுருங்க முயலும் பின்தொடைத் தசை அதே வேளையில் வலுக்கட்டாயமாக நீட்டப்படுகிறது. நலமான தசையே கிழியக்கூடிய இடம் அது.

பெல்ஜியத்தின் 3 தொழில்முறைக் கால்பந்து அணிகளைக் கண்காணித்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், கொரோனா தொற்று கண்டு மீண்டவர்களுக்குத் தசைக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு இருந்தது. சிறிய ஆய்வுதான், அந்த எண்ணை அப்படியே டெங்குவுக்கும் கபடிக்கும் பொருத்த முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் நம் கண்முன்னே நடந்த ஒன்று உண்டு. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில், டெங்குவால் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்தையும் அடுத்த ஆட்டத்தையும் தவறவிட்ட இந்திய வீரர் சுப்மன் கில், நவம்பர் 15 அன்று வான்கடேயில் நடந்த அரையிறுதியில் 79 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது தசைப்பிடிப்பால் வெளியேறினார். அன்றைய புழுக்கத்தோடு டெங்குவின் பின்விளைவும் அதற்குக் காரணம் என்று அவரே பின்னர் கூறினார். மருத்துவரும் உணவு வல்லுநரும் கூடவே பயணம் செய்யும் அணியில், ஒரு மாதம் கழித்து நேர்ந்தது இது. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ நிலவேம்புக் குடிநீரும் இரண்டு நாள் ஓய்வும்தான்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை இரவு வேறோர் ஊர் அணிக்காக ஆடினார். இரண்டு ஆட்டங்களைத் தாக்குப்பிடித்தவருக்கு, விடியற்காலை நடந்த மூன்றாவது ஆட்டத்தில் பின்தொடை கிழிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வு ஆறு வாரத்தில் இருந்தது. அதில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. ஏன் ஆடினாய் என்று கேட்டேன். ஆடாவிட்டால் அன்றைய பணம் கிடையாது, அடுத்த ஊருக்கும் கூப்பிடமாட்டார்கள் என்றார். அவருக்கு உடம்பின் நிலை தெரியாமல் இல்லை. எனவே ஆட்டக்காரர்களுக்கு அறிவுரை சொல்வதால் மட்டும் இது தீராது. தீர்க்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

பயிற்சியாளர்களுக்குத் தனியாக ஒன்று. ‘உடம்பைத் தேற்றுவதற்காக’க் காய்ச்சலிலிருந்து எழுந்தவரை ஏற்காட்டு மலைப்பாதையில் ஓடவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவதால் அதுதான் கடினம் என்று நினைக்கிறோம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் அடிவாரத்தை நோக்கி இறங்கி ஓடும்போதுதான் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, இழைகள் அதிகம் சேதமடைகின்றன. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் வராதிருந்து, பசியும் தூக்கமும் திரும்பி, காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு வந்த பிறகு, நடையில் தொடங்கி, சமதளத்தில் மெல்லோட்டம், அதன்பின் வேக ஓட்டம், கடைசியாகப் பிடியும் பாட்டும் என்று படிப்படியாகக் கொண்டுவாருங்கள். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாரத்துக்குள் முழு ஆட்டத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. மல்லாந்து படுத்து, ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பை உயர்த்தச் சொல்லி, காய்ச்சலுக்கு முன் முடிந்த எண்ணிக்கை இப்போதும் முடிகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் இருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். இதயத் தசை அழற்சியில் ஆடுவது உயிருக்கே ஆபத்து. டெங்கு சந்தேகம் இருக்கும்போது களத்தோரம் வலிநிவாரண ஊசி போடுவதும், இரத்தக்கசிவை வரவழைக்கக்கூடிய வலி மாத்திரைகளைக் கொடுப்பதும் கூடவே கூடாது.

விழாக் குழுவினரிடம் நான் கேட்பது இரண்டே. பெயர்ப்பட்டியல் கொடுத்த பிறகு ஆளை மாற்றக் கூடாது என்ற விதியை, காய்ச்சல் கண்டவருக்கு மட்டுமாவது தளர்த்துங்கள். அழைத்துவிட்ட வெளியூர் ஆட்டக்காரர் காய்ச்சலால் ஆட முடியாமற்போனால், பேசிய தொகையில் பாதியையாவது கொடுத்து, அடுத்த போட்டியில் அவருக்கு இடம் உண்டு என்று அணி நடத்துவோர் எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். தைப் போட்டிகளுக்கான துண்டறிக்கைகள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இவ்விரண்டையும் அவற்றிலேயே சேர்த்துவிடலாம். காய்ச்சலிலிருந்து மீண்டவர்களைச் சோதித்துப் பார்க்க எந்த அணி அழைத்தாலும், ஞாயிறு மாலைகளில் கட்டணமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்