மாதிரி கெடாமல் கொண்டுவந்து சேர்த்த உங்களுக்கு நன்றி

அன்புக்குரிய பட்டிக்கார ஐயாமார், அண்ணன்மார், நானாமார், கால்நடை வைத்தியர்கள், கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மாரி ஓய்ந்து வயல் காய்கிற இந்த நேரத்தில் எங்கள் கால்நடை நோய் ஆய்வுகூடத்தில் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. அந்த ஓய்வில் முதலில் செய்யவேண்டியது இந்த மடலை எழுதுவது என்று நினைத்தோம். கிண்ணியா, மூதூர், வெருகல், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளி என்று திருகோணமலை மாவட்டத்தின் நாலு பக்கத்திலிருந்தும் நீங்கள் அனுப்பிய இரத்தம், பால், சாணம், எலும்பு எல்லாம் சோதிக்கத் தக்க நிலையில் எங்கள் மேசைக்கு வந்தன. உள்ளே எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தாலும், வாசலுக்கு வருமுன்பே கெட்டுப்போன மாதிரியை அது திருத்தித் தராது. ஆய்வுகூடத்தின் பதில் பாதி பட்டியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பாதியைச் செய்தவர்கள் நீங்கள்.

இரத்தப் பூச்சு எடுத்தவர்களுக்கு முதல் நன்றி. உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்ட மாட்டின் காது நுனியில் ஒரு சிறு சொட்டு. அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, முடிவு நாக்கு நுனி மாதிரி வந்திருந்தால் உண்ணி பரப்பும் இரத்தக் கிருமிகளான பபேசியாவையும் தைலேரியாவையும் அனாபிளாஸ்மாவையும் பிரித்துப் பார்க்கலாம். ஊசி போடுமுன் பூச்சை எடுத்தீர்கள். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் ஒட்டுண்ணி குறைந்துபோய், இருந்ததும் இல்லாதது போலத் தெரியும். காற்றில் உலர்த்தி உடனே மெதனோலில் 3 நிமிடம் முக்கினீர்கள். அதைச் செய்யாமல் திறந்து வைத்தால் ஈ வந்து இரத்தத்தைத் தின்றுவிடும். தகட்டில் வட்ட வட்டமாக ஓட்டைதான் மிஞ்சும். பெயரையும் இலக்கத்தையும் தகட்டின் மங்கலான ஓரத்தில் பென்சிலால் எழுதினீர்கள். பேனா மை மெதனோலில் கரைந்து ஓடிவிடும், பிறகு யாருடைய மாடு என்று கடவுளுக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சுகளை ஃபோர்மலின் போத்தலோடு ஒரே பெட்டியில் வைக்கவில்லை. மூடி இறுக்கமாக இருந்தாலும் அந்த ஆவி கசியும். ஆவி பட்ட பூச்சில் ஜீம்சா சாயம் சரியாகப் பிடிக்காது. சாயமிடும் முறையில் குறை என்று தேடித் தேடி அலைகிற ஆய்வுகூடங்கள் பல உண்டு. குறை பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்.

சீரத்துக்காக, அதாவது இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீருக்காக, இரத்தம் எடுத்தவர்கள் குழாயைச் சாய்த்து வைத்து, நிழலில் ஒன்று இரண்டு மணி நேரம் உறைய விட்டு, அதன் பிறகே ஐஸில் வைத்தார்கள். எடுத்த கையோடு ஐஸில் போட்டால் கட்டி சுருங்காது, சீரம் பிரியாது. ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சை அழுத்திப் பீச்சினாலோ, மோட்டார் சைக்கிளில் குழாய் குலுங்கினாலோ சிவப்பணு உடைந்து சீரம் செம்பரத்தம்பூ நிறத்துக்கு வந்துவிடும். கன்று கலைய வைக்கும் புரூசெல்லாக் கிருமிக்குச் செய்யும் ரோஸ் பெங்கால் சோதனையில் இது பெரிய இடைஞ்சல். அறை வெப்பத்துக்கு வந்த அன்டிஜன் (கொன்ற கிருமியில் செய்த சோதனைக் கரைசல்) 30 மைக்ரோலீற்றர், சீரம் 30 மைக்ரோலீற்றர், கலந்து 4 நிமிடம் மெல்ல ஆட்டி உடனே பார்க்க வேண்டும். அன்டிஜனே இளஞ்சிவப்பு; சீரமும் சிவப்பென்றால் நோயைக் காட்டும் நுண்ணிய திரளல் கண்ணுக்குப் படாது. 4 நிமிடத்துக்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து திரளல் போலவே தெரியும். படிவத்தில் "எஸ் 19 போட்டதா, எந்த வயதில்" என்று புரூசெல்லாத் தடுப்பூசியைக் கேட்கும் கட்டத்தை நிரப்பி அனுப்பியவர்களைத் தனியாகக் கும்பிட வேண்டும். தடுப்பூசி போட்ட கிடேரியின் எதிர்ப்பொருளும் இந்தச் சோதனையில் திரளும். அந்த ஒரு வரி இல்லாமல் ஒரு நல்ல பசுவைப் பட்டியிலிருந்து விலக்கச் சொல்லிவிடக் கூடும். அந்த வரி இருந்தாலும், ஈலைசா போன்ற இரண்டாம் சோதனையில் உறுதிப்படுத்தாமல் எந்த மாட்டின் தலைவிதியையும் எழுதக் கூடாது என்பது எங்கள் உறுதி.

தொண்டை அடைப்பான் சந்தேகத்தில் எலும்பு அனுப்பிய எருமைப் பட்டிக்காரர்களை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. மழையோடு வரும் நோய் அது. காலையில் தீனி எடுக்காத கன்று மறுநாள் விடியுமுன் செத்திருக்கும். வெள்ளம் சூழ்ந்த மேய்ச்சல் தரையில் சடலத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வயிறு ஊதி ஈரலும் நுரையீரலும் அழுகிவிடும். அவற்றை அனுப்பிப் பயனில்லை. ஆனால் கால் எலும்பின் மச்சை கடைசியாகத்தான் கெடும். இறைச்சியைச் சுத்தமாகச் சுரண்டி, இரு முனையும் உடையாமல், துணியில் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி ஐஸில் வைத்து அனுப்பினீர்கள். அப்படி வந்த எலும்பைக் கையில் எடுக்கும்போது, இதைச் செய்தவர் எத்தனை நேரம் மழைக்குள் குந்தியிருந்திருப்பார் என்ற நினைப்புத்தான் முதலில் வரும். வெளிப்புறத்தைச் சுட்டுத் தூய்மைப்படுத்தி, உடைத்து, உள் மச்சையை இரத்த ஏகாரில் (இரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில்) தீட்டி 37 பாகை செல்சியசில் ஒரு நாள் வைத்தால் இந்த நோயின் கிருமியான பாஸ்டுரெல்லா எழும்பி வரும். சாயமிட்டால் இரு முனையும் இருண்டு நடு வெளிறி, சேஃப்டிபின் போலத் தெரியும். நோய் தொடங்கிய கையோடு எடுத்த இரத்தத்தில் அது அகப்படாமல் போகலாம். சாகும் தறுவாயில்தான் இரத்தமெல்லாம் நிறையும்.

மூக்காலும் மலவாயாலும் கறுத்த இரத்தம் உறையாமல் வடிந்த சடலத்தைக் கண்டு, அறுக்காமல், காதில் ஒரு பூச்சு மட்டும் எடுத்துவிட்டு வைத்தியரைக் கூப்பிட்டவர்களுக்கும் நன்றி. அது அந்திராக்ஸ் இல்லை என்று தெரியும் வரை கத்தி வைக்கக் கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

கால்-வாய் நோய்க் கொப்புளத்தின் தோலை, மஞ்சளோ தேசிக்காய்ப் புளியோ பூசுமுன் எடுத்துத் தந்தீர்கள். புளிப்பு கூடி பி.எச். அளவு 6க்குக் கீழே போனால் அந்த வைரசு நிற்காது, ஆகவே புளி பட்ட தோல் சோதனைக்கு உதவாது. ஒரு கிராம் இருந்தால் போதும். கிளிசரோலும் பொஸ்பேற் பஃபரும் சரிபாதி கலந்த எங்கள் சிறு போத்தலில் போட்டு மூடினால் முடிந்தது.

கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கத்திலிருந்து நேரம் பார்க்காமல் ஐஸ் தந்த தம்பிமாரே, உங்கள் ஐஸ் இல்லாமல் இந்த வேலை ஒரு நாளும் நடக்காது. மீனுக்கும் மாதிரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்று சொன்னதைப் புரிந்துகொண்டு, தூளாக்கி, தனிப் பைகளில் கட்டித் தந்தீர்கள். ஐஸ் உருகிய தண்ணீர் படிவத்தை நனைத்தால் எழுத்துப் போய்விடும். முழு இரத்தக் குழாய் ஐஸில் நேரடியாகப் பட்டு உறைந்தால் அணுவெல்லாம் உடைந்துவிடும், அதனால் இடையில் பத்திரிகைத் தாள் சுற்ற வேண்டும். விசர்நாய்க்கடி சந்தேகத்தில் வரும் தலைக்கும் இதே ஐஸ்தான். ஆழ்குளிரில் உறைய வைத்து எடுத்து வந்தால் மூளைத்தண்டையும் சிறுமூளையையும் பிரித்து எடுப்பதே பாடாகிவிடும். ஃபோர்மலினில் போட்டால் வழமையான ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை செய்யவே முடியாது. தலையைத் தொட்டவர்களின் பெயரைக் கேட்டு எழுதி, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் கவனம் உயிர் காக்கும் கவனம்.

தன் கிடாயில் இரத்தம் எடுக்க அனுமதித்த குடும்பத்தின் பெயரை அவர்கள் கேட்டுக்கொண்டபடி எழுதவில்லை. இரத்த ஏகாருக்கு 100 மில்லிலீற்றருக்கு 5 தொடக்கம் 7 மில்லிலீற்றர் வரை நார் நீக்கிய இரத்தம் வேண்டும். கண்ணாடி மணி போட்ட குடுவையில் பிடித்து, நார் மணியில் சுற்றிக்கொள்ளும் வரை நிறுத்தாமல் சுழற்றுவோம். ஏகார் 45 தொடக்கம் 50 பாகைக்கு ஆறிய பிறகே இரத்தத்தைச் சேர்க்க வேண்டும். சூடு கூடினால் சொக்லேட் நிறமாகிவிடும், இரத்தத்தைக் கரைக்கும் கிருமியை அதில் அடையாளம் காண முடியாது. அந்த ஆட்டுக்கு அண்மையில் அன்டிபயோட்டிக் ஏறியிருந்தால் தட்டில் ஒன்றும் முளைக்காது. நாங்களோ கிருமி இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். ஆகவே ஆட்டுக்குச் சளி பிடித்து ஊசி போட்ட செய்தியை அவர்களாகவே சொல்லி அனுப்பியது மிகப் பெரிய உதவி.

எங்கள் கழுவும் அறையில் நிற்கும் அக்காமாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. நீராவியால் கிருமி கொல்லும் ஒட்டோகிளேவ் 121 பாகையில் நின்றாலும் பையை நெருக்கி அடுக்கினால் ஆவி நடுவுக்குப் போகாது. அடையாள ரேப்பில் கோடு கறுத்தது சூடு பட்டதற்கு மட்டுமே சாட்சி. கிருமி செத்ததா என்பதற்கு, சூடு தாங்கும் கிருமி வித்தை உள்ளே வைத்துப் பார்க்கும் வித்துச் சோதனைதான் சாட்சி. இதைத் தெரிந்துகொண்டு, நேரம் போனாலும் பைகளை இரண்டு தடவையாகப் பிரித்து ஏற்றுகிறவர்கள் அவர்கள்.

கன்னொறுவ கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்கும் நன்றி. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று மாதிரிகளோடு அங்கே போகும் எங்கள் சாரதி அண்ணனுக்கும் நன்றி. மூன்று உறைக்குள் அடைத்த பெட்டியை வண்டியின் நிழற்பக்கத்தில் வைப்பதை அவர் மறந்ததில்லை.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கெங்கும் மாடுகள் செத்து விழுந்தபோது, தொற்றா குளிரா என்று நாடே கேட்டது. அப்படியான நேரத்தில் "இந்தக் கிருமி இல்லை, அந்தக் கிருமியும் இல்லை" என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் குளிர் என்ற முடிவுக்கு வர முடியும். விலக்குவதற்குப் புதுச் சடலம் வேண்டும். இழப்பின் நடுவிலும் சடலத்தைப் புதைக்க அவசரப்படாமல் வைத்தியர் வரும் வரை காத்திருந்த பட்டிக்காரர்களின் பொறுமையால்தான் அந்த முடிவு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும் மறக்கவில்லை. நாடெங்கும் குளிர்ப்பெட்டிகளைத் திறக்காமல் காத்தவர்கள்தான் அன்றைய அன்டிஜனையும் சீர வங்கிகளையும் காப்பாற்றினார்கள்.

அறிக்கை சரியில்லைப் போலிருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்ட வைத்தியர்களே, தயவுசெய்து இனியும் கேளுங்கள். ஒதுக்கி வைத்த சீரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க எங்களுக்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது.

வெறும் ரெஜிபோம் பெட்டிகளைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். சிவப்பு மூடிக் குழாய், மங்கலான ஓரத் தகடு, பென்சில், படிவம் எல்லாம் அதற்குள் உண்டு. வேலை நாளில் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

நன்றியுடன்,
பொறுப்பாளரும் பணியாளர்களும்,
கால்நடை நோய் ஆய்வுகூடம், திருகோணமலை