ஆட்டுப்பட்டியும் கோழிக் கழிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பற்றியும், செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தது பற்றியும் நாளிதழ்களில் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. அவற்றில் நாய்களின் பெருக்கமும் இழப்பீட்டுத் தொகையும் பேசப்படும் அளவுக்கு, இத்தனை நாய்கள் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன என்பது பேசப்படுவதில்லை. காங்கேயம் வட்டத்தில் முப்பது ஆண்டுகளாகச் செம்மறி வளர்ப்பவன் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கடந்த மாசி மாதம் ஒரு விடியற்காலையில், கொரங்காட்டில் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தில்) பட்டி போட்டு அடைத்திருந்த என் 23 உருப்படிகளில் 9 செத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்திலும் பின்தொடையிலும் கடி. ஒன்றே ஒன்றின் வயிறு மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. நரி வந்தால் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும். நாய்க்கூட்டமோ, ஆடு மிரண்டு ஓடுகிற வரையில் துரத்திக் கடித்துக்கொண்டே இருக்கும். பசிக்காகத்தான் கடித்தது என்று சொல்ல முடியாது. உயிர் பிழைத்த தாயாடு ஒன்று, மடி கட்டிப்போய், செத்த குட்டியை முகர்ந்து முகர்ந்து கத்திக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் பதிந்திருந்த கால் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கிளுவை வேலியில் ஒரு சந்து வழியாக வெளியேறிய தடம், அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஊர்க் குப்பை கொட்டப்படும் பழைய பாறைக்குழியில் போய் முடிந்தது. வேலி முள்ளெல்லாம் வெள்ளைக் கோழி இறகு. குழியின் விளிம்பில் 14 நாய்கள் வயிறு புடைக்கப் படுத்திருந்தன. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட அவற்றுக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் 'குப்பை' என்றால் ஒரு காலத்தில் எருவைத்தான் குறிக்கும். 'காட்டுக்குக் குப்பை அடிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், சாணமும் சாம்பலும் தழையும் மக்கிய உரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார் என்று பொருள். அந்தக் குப்பையில் நாய்க்குத் தின்ன ஒன்றும் இருக்காது. இன்று அதே சொல்லுக்குள் குழந்தைகளின் டயப்பர், கல்யாண மண்டபத்து எச்சில் இலை, பாலித்தீன் பை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோழிக் கழிவு வந்து சேர்ந்துவிட்டது. பல்லடத்தை மையமாகக் கொண்ட பிராய்லர் தொழில் எங்கள் பகுதிக்குச் சோறு போடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோழியின் உயிர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறியாகாமல் குடலாகவும் தலையாகவும் தோலாகவும் கழிந்துவிடுகிறது. நாற்சந்திக்கு ஒரு கறிக்கடை இருக்கும் ஊர்களில், ஞாயிற்றுக்கிழமை மாலை இருட்டியதும் இந்தக் கழிவு தீவனச் சாக்குகளில் கட்டப்பட்டு, இருசக்கர வாகனங்களில் வந்து வாய்க்கால் கரையிலும் பாறைக்குழியிலும் விழுகிறது. பண்ணைகளில் செத்த கோழிகளுக்கும் பல இடங்களில் இதே வழிதான். கொட்டியவரைப் பிடித்துக் கேட்டால், வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊராட்சியிடமும் இன்றுவரை பதில் இல்லை.

முன்பு செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டால் பாறுக்கழுகுகள் வந்து ஒரே நாளில் எலும்பாக்கிவிடும் என்று என் தகப்பனார் சொல்வார். மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அந்த மாடுகளைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுவதும் அவற்றைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கழுகு விட்டுப்போன பந்தியில் இன்று நாய் உட்கார்ந்திருக்கிறது. கழுகு ஆட்டைக் கடிக்காது, அதற்கு வெறிநோயும் வராது. நாய்க்கு இரண்டும் உண்டு.

பெட்டை நாயின் கர்ப்பக் காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறை கூட ஈனும். வழக்கமாகத் தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பசியிலும் நோயிலும் வண்டிச் சக்கரத்திலும் போய்விடும். ஓயாமல் இறைச்சி கிடைக்கும் இடத்தில் அவை போவதில்லை, வளர்ந்துவிடுகின்றன. விஷம் வைப்பதும், பிடித்துப் பக்கத்து ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவதும் இதனால்தான் பலிப்பதில்லை. காலியான இடத்துக்கு இரண்டே மாதத்தில் வேறு கூட்டம் வந்துவிடும். விஷம் சட்டப்படி குற்றம் என்பதோடு, அதைத் தின்று மயிலும் கீரியும் நரியும் சேர்ந்து சாகும். கோபத்தில் அந்த வேலையைச் செய்ய நினைப்போரை நான் அறிவேன். அந்த விடியற்காலையில் நானும் அவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன்.

2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடும்படி உத்தரவிட்டது. நகரத்துத் தெருவுக்கு இது பொருந்தலாம். எங்கள் ஊரில் பிடித்த இடம் குப்பைமேடு. கருத்தடை செய்த நாய் குட்டி போடாது, தடுப்பூசி போட்ட நாயால் வெறிநோய் பரவாது. ஆனால் கூட்டமாக ஆட்டை விரட்டப் பழகிய நாய், கருத்தடை செய்ததற்கான வெட்டு அடையாளத்தைக் காதில் சுமந்து திரும்பி வந்தாலும் ஆட்டை விரட்டத்தான் செய்யும். ஆகவே கருத்தடையோடு நிறுத்திக்கொண்டால் பட்டிக்குப் பாதுகாப்பு இல்லை.

அதற்காகக் குப்பைக் குழியை ஒரே நாளில் மண் போட்டு மூடிவிடலாம் என்பதும் ஆபத்தான யோசனை. தினமும் இறைச்சி தின்று பழகிய கூட்டத்துக்கு அன்றிரவு கிடைக்கும் அடுத்த உணவு எங்கள் ஆடுகள்தாம். வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும். ஊரில் சிதறிக் கிடக்கும் நாய்களைப் பிடிப்பது எளிதல்ல. குப்பைமேட்டிலோ அவை மாலை நேரத்தில் தாமாகவே வந்து கூடுகின்றன. முதலில் அங்கேயே வைத்துப் பிடித்து, பத்தில் ஏழு நாய்களுக்காவது கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, மூர்க்கமானவற்றைப் பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகு கழிவு வரத்தைப் படிப்படியாகக் குறைத்து, குழியைச் சுற்றிக் கம்பி வலை போட்டு, கடைசியாக மூட வேண்டும். ஒரு தனி ஊராட்சியால் கருத்தடை மையம் நடத்த முடியாது என்பதால், இரண்டு மூன்று ஊராட்சி ஒன்றியங்களுக்குச் சேர்த்து ஒரு மையம், பயிற்சி பெற்ற பிடிப்பாளர்களுடன், மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் அமைய வேண்டும்.

கழிவைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நகர்ப்புற அமைப்புகளையும் நகரத் தன்மை பெற்ற ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்களைப் போன்ற சாதாரண ஊராட்சிகள் அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றன. தூய்மைக் காவலர்கள் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து வாங்குகிறார்கள், அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கறிக்கடைக் கழிவு அந்த வண்டியில் ஏறுவதே இல்லை. கறிக்கடைக்கு உரிமம் கொடுக்கும்போதே, மூடியுள்ள பீப்பாயில் கழிவைச் சேர்த்து, அதை அன்றாடம் எடுத்துச் செல்லும் வண்டிக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். கேரளத்தின் பல மாவட்டங்களில் கோழிக் கழிவை வேகவைத்து உலர்த்தி, கொழுப்பாகவும் மாவாகவும் பிரித்தெடுக்கும் ஆலைகள் நடக்கின்றன. இத்தனை கோழி வளரும் பல்லடம் வட்டாரத்துக்கு அப்படி ஓர் ஆலை அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பண்ணையில் சாகும் கோழிகளுக்குச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கும் குழி, பண்ணைக்குள்ளேயே இருக்க வேண்டும். மலையடிவாரத்து ஊராட்சிகளுக்கு இது இன்னும் அவசரம். அங்கே குப்பைமேடு காட்டுப்பன்றியையும் யானையையும் அழைக்கிறது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்ததை எல்லாரும் படித்தோம்.

தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்க 2025-இல் அரசு முன்வந்தது நல்ல காரியம். அதைப் பெறக் கால்நடை உதவி மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். இரவில் செத்த ஆட்டுக்கு மருத்துவர் வந்து சேர மறுநாள் பிற்பகல் ஆகிவிடுகிறது. பல ஊர்களைப் பார்க்கும் ஒருவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு செத்த ஆடுகளை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்தத் தாளிலும் ஒரு வரி கிடையாது. நான் பொக்லைன் வைத்து, மணிக்கணக்கு வாடகை கொடுத்து, என் காட்டிலேயே ஒன்பதையும் புதைத்தேன். அடுத்த வாரம் ஆறு உருப்படிகளைப் பறிகொடுத்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அதே பாறைக்குழியில் போட்டார். நாய்கள் மூன்று நாள் அங்கிருந்து நகரவில்லை.

எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் பொறுப்புக்குச் சென்றதிலிருந்து, யாரிடம் முறையிடுவது என்பதே பலருக்குத் தெரியவில்லை. செத்த ஆடுகளைப் புதைக்கப் பொது இடம் ஒதுக்கி, குழி தோண்டும் செலவை இழப்பீட்டோடு சேர்த்துத் தர வேண்டும் என்றும், பாறைக்குழிக்குப் போகும் வண்டித்தடத்தில் இரவு நேரத்தில் பூட்டும் கதவு ஒன்று போட வேண்டும் என்றும் கேட்டு, வரும் அக்டோபர் 2 கிராம சபையில் வைப்பதற்காக 40 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவர்களில் இருவர் கறிக்கடைக்காரர்கள்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்போர் ஒருவர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.